பழைய போர்ஷே 911-க்கு பவர் சிப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1984 முதல் 1989 வரையிலான போர்ஷே 911 கரேரா 3.2 காரில், தீப்பொறி எப்போது அடிக்க வேண்டும், பெட்ரோல் எவ்வளவு போக வேண்டும் என்பதை பாஷ் மோட்ரானிக் கணினி தீர்மானிக்கிறது. ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கும் அந்தப் பெட்டியைத் திறந்து, கணினியின் கணக்கு எழுதப்பட்ட சிப்பை மாற்றினால் சக்தி கூடும் என்பது உண்மைதான். அமெரிக்காவில் விற்ற வண்டிக்கு முதலில் 207 குதிரைத்திறன்; 1987-இல் போர்ஷேயே கணினியின் கணக்கைத் திருத்தி அதை 217 ஆக்கியது. ஐரோப்பிய வண்டிக்கோ 231. ஆனால் அந்த வண்டியில் பிஸ்டனே வேறு: அழுத்த விகிதம் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது) 10.3, அமெரிக்க வண்டியில் 9.5. சிப் ஒன்றிலேயே 231 வந்துவிடும் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

இதைவிடப் பெரிய தவறு பெட்ரோலில் நடக்கிறது. பொறியைச் சில டிகிரி முன்னதாக அடிக்க வைத்துத்தான் இந்தச் சிப்புகள் பெரும்பாலும் சக்தியைக் கூட்டுகின்றன. அப்போது சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறும். பெட்ரோலின் ஆக்டேன், அதாவது தானாக வெடிக்காமல் தாங்கும் திறனைக் காட்டும் எண், போதாவிட்டால், தீ பரவி வந்து சேர்வதற்கு முன்பே மிச்சக் கலவை தானாக வெடித்துவிடும். இதுதான் நாக்கிங். அடுத்து வந்த 964 மாடலில் இதைக் கண்டுபிடிக்க நாக் சென்சார் உண்டு. கணினி உடனே பொறியைத் தாமதப்படுத்தி எஞ்சினைக் காப்பாற்றும். 3.2-இல் அது கிடையாது. எஞ்சின் பின்னால் இருக்கிறது; விசிறி இரைச்சலில் நாக்கிங் சத்தம் ஓட்டுபவர் காதில் விழுவதும் அரிது. பிஸ்டன் சேதமான பிறகே பலருக்குத் தெரிய வருகிறது.

ஆகவே சிப் எந்த ஆக்டேனுக்கு எழுதப்பட்டது என்று கேட்டு வாங்குங்கள். 93 ஆக்டேனுக்கான சிப்பைப் பொருத்திவிட்டு, பெட்ரோல் பங்க்குகளில் 91-க்கு மேல் சாதாரணமாகக் கிடைக்காத கலிபோர்னியாவில் கோடை வெயிலில் ஓட்டுவது வம்பை விலைக்கு வாங்குவதுதான். ஐரோப்பாவின் 98 என்பது அமெரிக்க பங்க்கில் ஏறக்குறைய 93. இரண்டு ஊர்களிலும் கணக்கிடும் முறை வேறு. ஜெர்மனியிலிருந்து சிப் தருவிப்பவர்கள் இந்த எண்ணில்தான் ஏமாறுகிறார்கள்.

நோயுள்ள எஞ்சினுக்குச் சிப் மருந்தாகாது. இழுவை குறைந்திருக்கிறதா? முதலில் வால்வு இடைவெளி, ஸ்பார்க் பிளக், காற்றளவு மானி, சிலிண்டர் ஹெட் வெப்ப சென்சார், காற்றுக் கசிவு எல்லாவற்றையும் பாருங்கள். அந்த வெப்ப சென்சாரின் இணைப்பு அறுந்தால், எஞ்சின் குளிர்ந்து கிடப்பதாக நினைத்துக் கணினி பெட்ரோலைக் கொட்டும். எந்தச் சிப்பும் அதைச் சரிசெய்யாது. இவற்றைச் சரிசெய்த பிறகு சிப்பே தேவையில்லை என்று சிலருக்குத் தோன்றலாம். அது நல்ல முடிவு.

பொருத்தும் வேலை சிறியது, ஆனால் அவசரம் கூடாது. 1986 வரையிலான பெட்டிகளில் பொதுவாக 24 கால் சிப், அதன்பின் 28 கால். பெட்டியைத் திறந்து எண்ணிய பிறகே ஆர்டர் கொடுங்கள். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் போக, கையில் எர்த் பட்டை அணியுங்கள். பழைய சிப்பை ஒரே பக்கமாக நெம்பினால் கால்கள் வளையும். மெல்லிய திருப்புளியால் இரு முனைகளையும் மாற்றி மாற்றி, மயிரிழை மயிரிழையாகத் தூக்க வேண்டும். புதுச் சிப்பின் கால்கள் சற்று விரிந்திருக்கும். ஒவ்வொரு வரிசையையும் மேசைமீது சாய்த்து மெதுவாக அழுத்தி நேராக்குங்கள். இல்லாவிட்டால் ஒரு கால் சாக்கெட்டுக்குள் இறங்காமல் சிப்பின் அடியில் மடிந்துகொள்ளும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, வண்டியும் கிளம்பாது. சிப்பின் ஒரு முனையிலுள்ள பள்ளம் பழையது பார்த்த திசையையே பார்க்க வேண்டும். தலைகீழாகச் செருகிச் சாவியைத் திருப்பினால் சிப் எரிந்துபோகும். சிப்பின் மேலுள்ள ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள். கீழே கண்ணாடிச் சன்னல் இருந்தால், வெயிலின் புற ஊதாக் கதிர் நாளடைவில் தரவை அழித்துவிடும்.

எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழலலாம் என்ற சுழற்சி வரம்பையும் சில சிப்புகள் உயர்த்துகின்றன. அதை நான் வேண்டாம் என்றே சொல்வேன். இந்த எஞ்சினில் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் போல்ட்டுகள் 9 மி.மீ. தான், அதிகச் சுழற்சியில் அவைதான் பலவீனம். பழைய வரம்பிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

பொருத்திய பின் எஞ்சினின் சக்தியை அளக்கும் டைனோவில் வண்டியை ஏற்றி, முழு முடுக்கத்தில் காற்று–பெட்ரோல் விகிதத்தை அளந்து பாருங்கள். 13-க்கு மேல் ஏறிக்கொண்டே போனால் கலவை மெலிகிறது என்று பொருள், உடனே நிறுத்திவிடுங்கள். கழற்றிய அசல் சிப்பை நிலைமின்சாரம் தாக்காத கறுப்பு நுரையில் குத்தி, வண்டியின் தாள்களோடு பத்திரப்படுத்துங்கள். கலிபோர்னியாவில், மாநிலக் காற்றுத் தர வாரியம் அனுமதித்ததற்கான விலக்கு எண் இல்லாத சிப் புகைச் சோதனை விதிகளின்படி செல்லாது. வண்டியை விற்கும்போதும் வாங்குபவர் முதலில் கேட்பது அந்த அசல் சிப்பைத்தான்.