நாள் தள்ளிப்போச்சா, மொதல்ல நர்சம்மாவ பாருங்க

மூணு மாசம் முடியறவரைக்கும் யார்கிட்டயும் சொல்லக்கூடாது, கண்ணு பட்டுடும்னு எங்க பென்னாகரம் பக்கம் சொல்லுவாங்க. சரி, ஊருக்கு சொல்லாதீங்க, ஆனா துணை சுகாதார நிலையத்துல இருக்கற நர்சம்மாகிட்ட மட்டும் உடனே சொல்லிடுங்க. ஆதார், பேங்க் பாஸ்புக், போன் எடுத்துட்டு போனா பதிஞ்சு 12 இலக்கத்துல ஒரு நம்பர் தருவாங்க, பிக்மி நம்பர்னு சொல்றது அதத்தான். அது இல்லாம பின்னாடி பொறப்பு சர்டிபிகேட் வாங்கறது பெரிய ரோதனை. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல பணமும் சத்துப் பெட்டகமும் சேத்து 18,000 ரூபா வரும், அதுக்கும் 12 வாரத்துக்குள்ள பதிஞ்சிருக்கணும்.

என் நாத்தனார் பெங்களூருல சித்தாள் வேலைக்கு போயிருந்தா. ஒரு நாள் லீவு போட்டா கூலி போயிடும்னு எங்கயும் காட்டல, ஏழாம் மாசம் வளைகாப்புக்கு வந்தப்ப தான் பாத்தோம், ரத்தம் எட்டு பாயிண்ட் கூட இல்ல, 11 இருக்கணும். அப்புறம் இரும்புச்சத்த டிரிப்ஸ்ல ஏத்தி தான் தேத்துனாங்க. வெளியூர் வேலைக்கு போறவங்க இத மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க: மாசாமாசம் 9-ந்தேதி எந்த மாநிலமா இருந்தாலும் அரசு ஆஸ்பத்திரில மாசமா இருக்கறவங்கள டாக்டர் காசில்லாம பாப்பாங்க, அந்த ஒரு நாள் மட்டும் மேஸ்திரிகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க.

கொறஞ்சது நாலு தடவை செக்கப் போகணும். பிபி, சர்க்கரை, ரத்தம், யூரின், எடை எல்லாம் பாப்பாங்க. நம்ம ஊர்ல டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, அதனால பஸ் காசுக்கு யோசிக்காதீங்க.

செவப்பு மாத்திரை, அதான் செக்கப்ல தர்ற இரும்புச்சத்து மாத்திரை, அது கதைய சொல்லியே ஆகணும். வாங்கிட்டு வந்து ஓட்டு இடுக்குல சொருகி வெச்சுடறாங்க, ஒரு வீட்ல மூணு அட்டை அப்படியே எடுத்தேன்! வெளிக்கு கருப்பா போகுதுன்னு பயம், புள்ள கருப்பா பொறக்கும்னு மாமியார் பேச்சு வேற. கருப்பா போறது அந்த மாத்திரையால தான், பயப்பட ஒண்ணுமில்ல, புள்ள நெறத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடையாது. வயித்த பெரட்டுனா ராத்திரி சாப்ட்டுட்டு போடுங்க, டீ காபியோட வேணாம், சுண்ணாம்பு சத்து மாத்திரையோட சேத்தும் வேணாம், அது வேற வேளைக்கு. கேவுரு களியும் முருங்கக்கீரையும் நல்லது தான், ஆனா மாத்திரைக்கு பதிலா ஆகாது.

கை கால் மூஞ்சி வீங்கி தலைவலி வந்தாலோ, கண்ணு மங்குனாலோ, ரத்தம் பட்டாலோ, புள்ள அசைவு கொறஞ்சாலோ விடியட்டும்னு இருக்காதீங்க, 108 அடிங்க. சித்தேரி, வத்தல்மலை மாதிரி மலை ஊருக்காரங்க, ராத்திரி யானை நிக்கற அஞ்செட்டி பக்கத்து ஆளுங்க எல்லாம் வலி எடுக்கறவரைக்கும் காத்திருக்காம, தேதிக்கு சில நாள் முன்னாடியே கீழ வந்து தங்கறதுக்கு நர்சம்மாகிட்ட கேட்டு வெச்சுடுங்க. அரசு ஆஸ்பத்திரில ஆபரேஷன், ரத்தம், மருந்து, சாப்பாடு எதுக்கும் காசில்ல. யாராவது கேட்டா 104-க்கு போன் போட்டு சொல்லுங்க.

நர்சம்மா தர்ற செக்கப் அட்டைய போட்டோ புடிச்சு வீட்டுக்காரர் போன்லயும் அம்மா வீட்டு போன்லயும் போட்டு வெச்சுடுங்க, எங்க வீட்ல ஒண்ண எலி கடிச்சு வெச்சிருச்சு.