கேரவனில் ராமநாதபுரம் கடற்கரை ரோட்டில் போகிறவர்களுக்கு

போன தை மாதம் கோயம்புத்தூரிலிருந்து மருமகன் போன் செய்தார். "மாமா, பிள்ளைகளுக்கு லீவு. உங்க கேரவனை எடுத்துக்கிட்டு தொண்டியிலருந்து தனுஷ்கோடி வரைக்கும் நாங்களே போயிட்டு வரலாம்னு இருக்கோம். கார் ஓட்டுற மாதிரிதானே?" என்றார்.

"வாங்க மாப்பிள்ளை, சாவி தர்றேன். ஆனா ஒரு நாள் என்கூட வண்டியில உட்கார்ந்து வாங்க. அப்புறம் எடுத்துட்டுப் போங்க" என்றேன். அந்த ஒரு நாளில் அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் திருப்புல்லாணிப் பக்கம். 22 வருடம் ராமேஸ்வரத்துக்கு டூரிஸ்ட் வேன் ஓட்டினேன். 2019-ல் பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, தண்ணீர் டாங்கு, கூரையில் சோலார் என்று வைத்து ஓடும் வீடாக, அதாவது கேரவனாக, மாற்றினேன். நானும் என் வீட்டம்மாவும் வருடத்தில் பாதி நாள் அதில்தான் இருக்கிறோம். அத்தனை வருடம் ஓட்டிய அதே ரோட்டில் கேரவனை ஓட்டியபோது புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. வேனில் வருகிறவர்கள் பள்ளத்தில் இறங்கினால் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். அடுப்பும் டாங்கும் பிடித்துக்கொள்ளாது.

கிளம்பும் முன் கட்ட வேண்டியவை

2021 கார்த்திகையில் ஒரு நாள், திருப்பாலைக்குடி தாண்டி தேவிபட்டினம் நோக்கி வந்துகொண்டிருந்தோம். சாயங்காலம், லேசான தூறல். ஒரு சிறு பாலத்துக்கு முன்னால் ரோடு ஒரு சாண் அளவு உள்வாங்கியிருந்தது. பலகையும் இல்லை, வெள்ளைக் கோடும் இல்லை. நான் 50-ல் வந்தேன். முன்சக்கரம் இறங்கி ஏறியது, பின்சக்கரம் இறங்கியபோது உள்ளே வீடே இடிந்த மாதிரி சத்தம். ஓரம் கட்டிப் பார்த்தால் டாங்கைப் பிடித்திருந்த பட்டை அறுந்து, டாங்கு அரை அடி நகர்ந்து, அடுப்புக்குப் போகும் கேஸ் குழாயை நசுக்கிக்கொண்டு நின்றது. ரெகுலேட்டரை மூடி வைத்திருந்ததால் தப்பித்தோம். மூடியது நான் இல்லை, என் வீட்டம்மா. கிளம்பும்போதெல்லாம் அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் முன்னால் வந்து உட்காருவாள்.

அதனால் முதல் வேலை அது. வண்டி நகரும் நேரத்தில் சிலிண்டர் மூடியிருக்க வேண்டும், நின்ற பிறகுதான் திறக்க வேண்டும். டாங்கை ஒரு பட்டையில் கட்டாதீர்கள், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பட்டை போடுங்கள். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. அரை டாங்கு தண்ணீர்தான் அதிகம் தொல்லை தரும். அது முன்னும் பின்னும் மோதி பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் இழுக்கும். உள்ளே தடுப்புத் தகடு இல்லாத டாங்கு என்றால் நிறைத்துக்கொண்டு போங்கள், இல்லையென்றால் காலி செய்துவிடுங்கள். அலமாரிக்குக் காந்தம் போதாது, தாழ்ப்பாள் வேண்டும். உள்ளே வீட்டுப் பயன்பாட்டுக்கு வைத்த பேட்டரியை போல்ட் போட்டு இறுக்குங்கள்.

அப்புறம் வண்டியின் உயரம். சோலார் தகட்டோடு சேர்த்து டேப் பிடித்து அளந்து, டிரைவர் கண்ணுக்கு நேரே எழுதி ஒட்டுங்கள். என்னுடையது பத்தடிக்குக் கொஞ்சம் குறைவு. மெயின் ரோட்டில் பிரச்சினை இல்லை. கடற்கரைக் கிராமத்துத் தெருவுக்குள் திரும்பினால் தாழ்ந்த கரண்டு கம்பியும், வேப்பங்கிளையும், திருவிழா வளைவும் வரும். சந்தேகமாக இருந்தால் ஒருவர் இறங்கி முன்னால் நடக்க வேண்டும்.

ரோடு எங்கே கெடும், ஏன் கெடும்

மதுரையிலிருந்து பரமக்குடி வரை நான்கு வழி. அதற்குப் பிறகு ராமநாதபுரம் வரை உள்ளதையும் நான்கு வழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. அதில் சொல்ல அதிகம் இல்லை. கவனம் வேண்டியது தொண்டி, உப்பூர், தேவிபட்டினம் என்று வருகிற கிழக்குக் கடற்கரைச் சாலையும், ராமநாதபுரத்துக்குத் தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று போகிற பகுதியும், அவற்றிலிருந்து கடலுக்குப் பிரிகிற கிளை ரோடுகளும்.

எங்கள் ஜில்லா கண்மாய்ச் சீமை, ஏரியைத்தான் கண்மாய் என்போம். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் போனால், அதாவது உபரித் தண்ணீர் வெளியேறினால், அடுத்த கண்மாய்க்கு, அதுவும் நிறைந்தால் கடலுக்கு என்று தண்ணீர் போகும். கடற்கரைச் சாலையோ கரையை ஒட்டியே போகிறது. ஆகவே கடலுக்குப் போகும் தண்ணீரெல்லாம் அந்த ரோட்டைக் குறுக்கே கடந்துதான் ஆக வேண்டும். பாலம் இருக்கும் இடத்தில் அடியில் போகும், தரைப்பாலம் என்றால் மேலே போகும். பாலத்துக்குக் கான்கிரீட் அடித்தளம் இருப்பதால் அது அப்படியே நிற்கும். பாலத்துக்கு முன்னும் பின்னும் கொட்டிய மண் நனைந்து கீழே உட்காரும். அதனால்தான் பள்ளம் எப்போதும் பாலத்தின் இரண்டு முனையிலும் இருக்கிறது. எனக்குக் குழாயை நசுக்கியதும் அப்படிப்பட்ட இடம்தான். தூரத்தில் பாலத்தின் கைப்பிடிச் சுவர் தெரிந்ததும் காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்துவிடுங்கள். பள்ளத்துக்கு முன்னாலேயே பிரேக்கை முடித்து, இறங்கும்போது காலை விட்டுவிடுங்கள். பிரேக் பிடித்தபடி இறங்கினால் முன்பக்கம் ஏற்கனவே குனிந்திருக்கும், அடி முழுக்க வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங்கான கமான் பட்டைக்குப் போகும்.

மழைக்காலத்தில் கிளை ரோட்டுக்குள் போகும் முன் டீக்கடையில் கேளுங்கள். "அண்ணே, கண்மாய் மறுகால் போகுதா?" என்று கேட்டால் போதும், எந்தத் தரைப்பாலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிடுவார்கள். தண்ணீர் நின்றால் முதலில் ஒருவர் நடந்து பார்க்க வேண்டும். ஓடினால், முழங்காலுக்குக் கீழே இருந்தாலும் வண்டியை இறக்காதீர்கள். கேரவனின் பக்கவாட்டு முழுக்கத் தண்ணீர் தள்ளுவதற்கு இடம் இருக்கிறது. அடியில் தார் இன்னும் இருக்கிறதா என்பதும் மேலிருந்து தெரியாது. திரும்பி டீக்கடைக்கே வந்து சமையல் செய்யுங்கள், அதற்குத்தானே வீட்டோடு வந்திருக்கிறோம்.

இன்னொன்று, ரோட்டின் ஓரம். தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் பல இடத்தில் அரையடி இறக்கம் இருக்கும். எதிரே பஸ் வந்து இடது சக்கரம் கீழே இறங்கிவிட்டால் பதறி ஸ்டியரிங்கை வலது பக்கம் வெட்டாதீர்கள். சக்கரம் தார் விளிம்பில் உரசிக்கொண்டே வந்து, திடீரென்று ஏறி, வண்டியை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விடும். உயரமான வண்டி சாய்ந்தும் விடலாம். நேராகப் பிடித்தபடி வேகத்தைக் குறையுங்கள். நடை வேகத்துக்கு வந்த பிறகு, விளிம்பு தாழ்ந்த இடம் பார்த்து ஏறுங்கள். மாப்பிள்ளையை ஒரு காலி ரோட்டில் இதை நாலு தடவை செய்யச் சொன்னேன்.

முள்

சீமைக்கருவேல முள்ளைக் கையில் எடுத்துப் பாருங்கள். பச்சையில் வளையும், காய்ந்தால் ஆணிதான். எங்கள் ஊர்ப் பக்கம் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பார்கள். வெட்டிய கிளையை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போகும்போது முள் ரோட்டோரமெல்லாம் கொட்டும். நிழலாக இருக்கிறதே என்று அந்த மரத்தடியில் கேரவனை நிறுத்தக் கூடாது. புளியமரம் கிடைக்கும்வரை போங்கள்.

முள் ஏறியதும் காற்று போகாது. ஏறிய முள்ளே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். இருபது, முப்பது கிலோமீட்டர் கழித்துத்தான் இறங்கத் தொடங்கும். என் வண்டிக்குப் பின்னால் இரட்டைச் சக்கரம். உள் டயர் காற்றே இல்லாமல் இருந்தாலும் வெளி டயர் தூக்கிக்கொண்டு நிற்கும், பார்த்தால் தெரியாது. ஆகவே ஒவ்வொரு முறை நிற்கும்போதும் இரும்பு லிவரால் எல்லா டயரையும் தட்டுங்கள். காற்று நிறைந்த டயர் 'டங்' என்று லிவரைத் திருப்பித் தள்ளும். இறங்கிய டயர் 'தொப்' என்று அமுங்கும். இரண்டு நாள் தட்டினால் காது பழகிவிடும். இரட்டைச் சக்கரத்துக்கு நடுவே ஜல்லி மாட்டியிருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். பெயர்ந்த ரோட்டில் அது சாதாரணம்.

வாலிநோக்கம் போன ஒரு தடவை ட்யூப்பை ஒட்டி மாட்டி, ஐந்து கிலோமீட்டரில் மறுபடியும் காற்று போனது. பஞ்சர் கடைத் தம்பி டயரைக் கழற்றி, ஒரு பழைய வேட்டித் துணியை உட்புறம் முழுக்க மெதுவாக உரசிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் துணியின் நூல் மாட்டியது. அங்கே அரிசி முனை அளவு முள் உடைந்து நின்றது. குறடால் பிடுங்கிக் காட்டினார். அன்றிலிருந்து எந்தப் பஞ்சர் கடையிலும் துணி உரசிப் பார்க்கச் சொல்லாமல் நான் டயரை மாட்ட விடுவதில்லை.

பாம்பன் பாலமும் தனுஷ்கோடி மணலும்

பாம்பன் ரோட்டுப் பாலம் 1988-ல் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். வைகாசி முடிந்து கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எடுத்தால் தென்கடலிலிருந்து குறுக்கே வீசும். பக்கத்துப் பழைய ரயில் பாலத்தில் 2022 வரை ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். கேரவனும் ஒரு பெட்டிதான், நமக்கு சிக்னல் கிடையாது, நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். பாலத்துக்கு முன்னால் வரும் மண்டபம் ஊரில் இறங்கி நில்லுங்கள். கதவைத் திறக்கும்போது கையிலிருந்து பிடுங்குகிற மாதிரி காற்று இருந்தால், டீ குடித்துக் காத்திருங்கள். ஏறும் முன் கூரை ஜன்னலை மூடி, வெளிப்பந்தலைச் சுருட்டிப் பூட்டுங்கள். 30-ல் போங்கள். பஸ் ஒன்று பக்கத்தில் வந்து காற்றை மறைத்து, கடந்ததும் காற்று பட்டென்று அடிக்கும். அந்த நேரத்தில் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும். படம் எடுக்கப் பாலத்தில் நிறுத்தாதீர்கள். நிற்கிற கார்களை ஒதுக்கி ஒதுக்கி வருகிறவர்களுக்கு நம் அகலம் பெரிய இடைஞ்சல்.

1964 புயலுக்குப் பிறகு தனுஷ்கோடிக்கு ரோடே இல்லை. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலிலும் தண்ணீரிலும் வேன்கள்தான் போகும், நானும் எத்தனையோ தடவை அதில் போயிருக்கிறேன். 2017-ல் தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்தது. ஒரு பக்கம் அலை அடங்கிய பெண் கடல், மறுபக்கம் அலை அடிக்கும் ஆண் கடல், நடுவே நேர்கோடாக ரோடு. காற்றுக் காலத்தில் மணல் ரோட்டின் மேலேயே நாக்கு நீட்டிக் கிடக்கும். தார் மேல் கிடக்கும் மணல் வழுக்கும், அதில் பிரேக் வேண்டாம். தாரைவிட்டு ஓரத்தில் இறங்கவே வேண்டாம். மேல்தோல் கெட்டியாகத் தெரியும், நான்கு டன் ஏறினால் உடையும்.

மாட்டிக்கொண்டால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் சக்கரம் குழி தோண்டும். எல்லோரையும் இறக்குங்கள். டாங்குத் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். சக்கரத்துக்கு முன்னால் மணலைச் சரிவாக வாருங்கள். டயர் காற்றை வழக்கத்தில் பாதியளவுக்குக் குறையுங்கள், டயர் பரந்து மணலில் மிதக்கும். சக்கரத்தின் கீழே பனை மட்டையைத் திணித்து, முதல் கியரில், நின்றுவிடாமல் மெதுவாக எடுங்கள். பழைய வேன்காரர்கள் மட்டையை வண்டியிலேயே வைத்திருப்பார்கள். தாருக்கு வந்ததும் மறுபடி காற்றடிக்கும்வரை நடை வேகம்தான். 12 வோல்ட் காற்றுப் பம்பு கையில் இருக்க வேண்டும். சாயங்காலம் இருட்டும் முன் போலீஸ் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரவு அங்கே தங்க நினைக்காதீர்கள், ராமேஸ்வரத்துக்கு வந்துவிடுங்கள்.

இரவும் தண்ணீரும்

இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை என்பது என் முடிவு. ஆடு, மாடு, விளக்கில்லாத விறகு டிராக்டர், விடியலுக்கு முன் பறக்கும் மீன் வண்டி. பெட்ரோல் பங்க், தேவிபட்டினத்தில் வண்டி நிறுத்தும் இடம், ஏர்வாடி தர்கா பக்கம் என்று எங்கே நின்றாலும் கேட்டுவிட்டு நில்லுங்கள்.

டாங்கை மதுரையிலோ பரமக்குடியிலோ நிறைத்துக்கொண்டு வாருங்கள். எங்கள் கரையோரக் கிராமங்களில் பெண்கள் தள்ளுவண்டியில் குடம் வைத்துக்கொண்டு நல்ல தண்ணீருக்குக் காத்து நிற்பதைப் பார்ப்பீர்கள். அந்தக் குழாயில் நம் ஹோஸை மாட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

பள்ளத்தைப் பார்த்தால் சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு 2023-ல் வந்த 'நம்ம சாலை' செயலி இருக்கிறது, படம் எடுத்து அனுப்பலாம். நான் ஒவ்வொரு தடவையும் அனுப்புகிறேன். பின்னால் வருகிற வண்டியிலும் ஒரு குடும்பம் இருக்கும்.

திரும்பி ராமநாதபுரம் வந்ததும் நேராக வாட்டர் சர்வீஸுக்குப் போங்கள். நல்ல தண்ணீர்தானா என்று கேட்டு, வண்டியைத் தூக்கி, அடிப்பக்கம், கமான் பட்டை இடுக்கு, பிரேக் குழாய் எல்லாவற்றிலும் பீய்ச்சச் சொல்லுங்கள். உப்பு ஒரு வாரத்திலேயே துருவேற்றும். காய்ந்ததும் ஒரு டார்ச்சோடு கீழே படுத்து, கமான் பட்டையில் விரிசல் இருக்கிறதா, அதைப் பிடிக்கும் யு போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டயர் கழற்றி மாட்டியிருந்தால் வீல் நட்டை மறுபடி இறுக்குங்கள். மாப்பிள்ளை அதைச் செய்து முடித்த பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.