மொட்டைமாடியில் மண்ணில்லாமல் வெள்ளரி: தண்ணீரை அளந்து விடும் முறை

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் இரண்டு வீட்டுச் சுவருக்கு நடுவே ஒரு கறிவேப்பிலைக் கன்றுக்குக்கூட மண் கிடையாது. மேலே சிலாப் மட்டும் சும்மா வெயிலில் காய்கிறது. அங்கே 10 அடிக்கு 20 அடியில் ஒரு கூடாரம் போட்டால் 30 வெள்ளரிக் கொடிகள் தாராளமாக ஏறும். கொடி வளரும் தும்புத்தூள் பை நனைந்தால் ஒன்று 8 முதல் 10 கிலோ வரும். சிலாப் பழையது என்றால் தாங்குமா என்று முதலில் ஒரு மேசனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

கூடாரமும் விதையும்

குளிர்நாட்டுக் கூடாரம் சூட்டைப் பிடித்து வைக்கும். நமக்கு அது எதிரி. கூரைக்கு மட்டும் யூவி பொலித்தீன், நான்கு பக்கமும் பூச்சி வலை, உச்சியில் சூடு வெளியேற ஒரு திறப்பு, இவ்வளவும் போதும்.

விதையில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். வலைக்குள் தேனீ வராது. அதனால் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் கூடார வெள்ளரி விதையைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண விதையைப் போட்டால் பூ பூக்கும், பிஞ்சு மஞ்சளாகிக் கொட்டிவிடும்.

தும்புத்தூளைக் கழுவுதல்

மண்ணுக்குப் பதிலாகத் தென்னந் தும்புத்தூள். கட்டியை ஊறவைத்து உதிர்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். அதில் உப்பு இருக்கும். அலசினால் போகாத சோடியமும் தூளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்தால் கல்சியம் அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு மீண்டும் ஒரு அலசல். ஒரு கொடிக்கு 10 முதல் 12 லீற்றர் தூள் கணக்கு. பையின் அடியில் ஓட்டை கட்டாயம்.

பசளை

மண்ணில்லாப் பயிருக்கென்று கடைகளில் கிடைக்கும் அல்பேர்ட் கலவை என்ற பசளையே ஆரம்பத்துக்குப் போதும். தண்ணீரில் கரைந்த உப்பின், பசளையின் அளவைக் காட்டும் ஈ.சி. மீற்றர் (அலகு mS/cm) ஒன்றும், புளிப்பைக் காட்டும் பீ.எச். மீற்றர் ஒன்றும் வாங்குங்கள். பீ.எச். 5.5 முதல் 6 வரை, ஈ.சி. நாற்றுக்கு 1.5 அளவில், காய்க்கும்போது 2 முதல் 2.5 வரை. பசளைகளைத் தனித்தனியாக வாங்கிக் கலப்பவர்கள் கல்சியம் நைத்திரேற்றைச் சல்பேற்று, பொஸ்பேற்றுப் பசளைகளோடு குறைந்த தண்ணீரில் கெட்டியாகக் கலக்க வேண்டாம். வெள்ளை மண்டி படிந்து, பைக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் சொட்டுவான்கள் அடைத்துவிடும். பசளை கரைத்த தண்ணீர் நிற்கும் தாங்கி கறுப்பு நிறமாக இருக்கட்டும். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும்.

தண்ணீர்: மேலே விடுவதைவிடக் கீழே வருவதைப் பாருங்கள்

மணிக்கு 2 லீற்றர் விடும் சொட்டுவான் ஒரு பைக்கு ஒன்று. 3 நிமிடம் ஓடினால் 100 மில்லிலீற்றர். காலை ஏழரை எட்டுக்குத் தொடங்கி, பின்னேரம் நாலு நாலரைக்கு நிறுத்துங்கள். இரவில் ஈரம் தேங்கினால் வேருக்குக் காற்றுக் கிடைக்காது. நட்ட முதல் வாரம் ஒரு நாளைக்கு 3 அல்லது 4 தடவை போதும். கொடி மேலே கட்டிய கம்பியைத் தொட்டு நிறையக் காய் பிடித்ததும், நல்ல வெயில் நாளில் ஒரு கொடி 2 லீற்றரைத் தாண்டிக் குடிக்கும்.

எத்தனை தடவை என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே எண் கிடையாது. இப்படிச் செய்யுங்கள்: ஒரு பையை இரண்டு செங்கல்லில் ஏற்றி, அடியில் தட்டு வையுங்கள். பக்கத்தில் இன்னொரு சொட்டுவானை வெறும் போத்தலுக்குள் விடுங்கள். பின்னேரம் இரண்டையும் அளவுச் சாடியில் ஊற்றிப் பாருங்கள். போத்தலில் 1500, தட்டில் 350 என்றால் வடிந்தது நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. சரியான அளவு. 20 முதல் 30 சதவீதம் வடிய வேண்டும். அதற்குக் குறைந்தால் நாளைக்கு ஒரு தடவை கூட்டுங்கள், மிஞ்சினால் ஒன்றைக் குறையுங்கள். வடிந்த தண்ணீரின் ஈ.சி.யையும் பாருங்கள். உள்ளே விடுவது 2, வெளியே வருவது 3.5 என்றால் பைக்குள் உப்புச் சேர்கிறது. தண்ணீரைக் கூட்டி வடியவிட வேண்டும்.

மழைக்காலத்தில் இந்தத் தட்டுத்தான் காப்பாற்றும். ஒரு மே மாதம், ஐந்து நாள் வானம் மூடியே கிடந்தது. தண்ணீரைத் திறந்து மூடும் டைமரை நான் மாற்றவில்லை. ஆறாம் நாள் சுள்ளென்று வெயில் அடிக்க, இலை எல்லாம் தொங்கிவிட்டது. தாகம் என்று நினைத்து இன்னும் விட்டேன். அடுத்த நாளும் நிமிரவில்லை. ஒரு பையைக் கிழித்துப் பார்த்தேன். இடியாப்ப இழைபோல வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாகி, விரலில் இழுத்தால் தோல் கழன்று வந்தது. கான் நாற்றம். அழுகிய வேரால் தண்ணீரை இழுக்க முடியாது, அதனால்தான் இலை வாடியிருக்கிறது. அந்தப் பதினொரு கொடிகளை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். இலை வாடினால் முதலில் பையைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் தண்ணீரை நிறுத்துங்கள். மூடிய வானத்துக்குப் பாதித் தடவை போதும்.

கொழும்பில் இன்னொரு கட்டாயம்: வடிந்த தண்ணீரைத் தட்டில் விட்டுவைக்காதீர்கள். டெங்கு நுளம்புக்கு ஒரு வாரம் கிடைத்தாலே போதும். அளந்த கையோடு பூச்சாடிகளுக்கு ஊற்றுங்கள், தட்டைத் தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள். தாங்கிக்கும் இறுக்கமான மூடி.

கொடியும் காயும்

ஒற்றைத் தண்டாகக் கயிற்றில் சுற்றி ஏற்றுங்கள். பக்கக் கிளைகளைச் சின்னதாக இருக்கும்போதே கிள்ளுங்கள். அடியிலுள்ள ஐந்தாறு கணுக்களில் வரும் பிஞ்சையும் கிள்ளிவிடுங்கள். மனம் வராது, ஆனால் அப்போதுதான் வேர் பிடிக்கும். விதைத்து 40 நாள் அளவில் முதல் காய் வரும். அதற்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், வெயில் ஏறுமுன் கத்தரிக்கோலால் காம்போடு வெட்டுங்கள். முற்றவிட்ட ஒரு காய் மேலே இருக்கும் நாலு பிஞ்சை நிறுத்திவிடும்.