படிப்புக் கடனை அடைக்க ரிக் ஏறுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

களியக்காவிளை, மார்த்தாண்டம், குழித்துறை வட்டாரத்தில் பொறியியல் படித்த பிள்ளை இல்லாத தெருவைக் காண்பது அரிது. அந்தப் படிப்பில் பெரும்பகுதி வங்கிக் கடனில் நடந்தது. படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கிவிடுகிறது. உள்ளூரில் கிடைக்கிற சம்பளமோ பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகப் போகிறது. அந்த நேரம் பார்த்து யாராவது ஒருவர், "ரிக்கில் ஏறினால் இரண்டு வருடத்தில் கடன் தீர்ந்துவிடும்" என்று சொல்வார். ரிக் என்பது கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடை. போவதில் தவறே இல்லை. உடலை வருத்தி உழைப்பவனுக்கு நல்ல கூலி தரும் இடம்தான் அது. ஆனால் வங்கிக் கடனை அடைக்கப் போகிறேன் என்று அதைவிடக் கொடிய கடனில் பிள்ளைகள் விழுவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறும் பெரிய தவறும் அதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 லட்சம் ரூபாய் கல்விக்கடன், 10 சதவீத வட்டி, பத்தாண்டு தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 10,570 ரூபாய் கட்ட வேண்டும். ஏஜென்ட் கேட்கிற 3 லட்சத்தை நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கினால், மாதம் 9,000 ரூபாய் வட்டிக்கு மட்டுமே போகும். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. வேலை கிடைக்க ஆறு மாதம் தாமதமானால் 54,000 ரூபாய் காற்றில் போயிற்று. அம்மாவின் நகையை அடகு வைத்தாலும், ரப்பர் தோட்டத்துப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தாலும் இதே கதைதான்.

அந்த 3 லட்சத்தைக் கேட்கும் உரிமையே ஏஜென்டுக்குக் கிடையாது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.; மொத்தம் 35,400. மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் அவர் உண்மையானவரா என்று தெரிந்துவிடும். "நம்ம ஊர்க்காரர்தான், மாமாவுக்குத் தெரிந்தவர்" என்பது பதிவு எண் ஆகாது. பணத்தை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். விசிட் விசாவில் ஏறச் சொன்னால் அந்தப் பேச்சை அதோடு நிறுத்திவிடுங்கள்.

கேரள எல்லையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வீடு தமிழ்நாட்டில், ஏஜென்டின் அலுவலகம் திருவனந்தபுரத்திலோ கொச்சியிலோ. ஏமாந்தபின் இந்தப் பக்கத்துக் காவல் நிலையம் அந்தப் பக்கம் கைகாட்டினால் திரும்பி வந்துவிடாதீர்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் பதிவு செய்யலாம். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களின் புகாரைக் கேட்கும் குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகம் சென்னையிலும் இருக்கிறது, திருவனந்தபுரத்திலும் இருக்கிறது. வெளிநாடு போனவர்களைக் கவனிக்கும் கேரள அரசின் நோர்க்கா கேரளத்தவருக்கானது, நமக்கு அயலகத் தமிழர் நல ஆணையரகம் உண்டு. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் கிண்டியில் செயல்படுகிறது. பத்தாம் வகுப்புத் தேறியவரின் பாஸ்போர்ட்டுக்குக் குடியேற்ற அனுமதி தேவைப்படாது. அதாவது பட்டதாரியின் வேலை ஒப்பந்தத்தை அரசு பார்த்துச் சரிசொல்வதில்லை. அதை வரிவரியாகப் படிக்கும் பொறுப்பு உங்களுடையதே.

அடுத்தது சான்றிதழ் வியாபாரம். கடலில் ரிக் ஏறப் பல நிறுவனங்கள் கேட்பது போசியட் என்ற அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி. தீயணைப்பு, முதலுதவி, கடலில் உயிர் பிழைத்தல் எல்லாம் அதில் அடக்கம். ரிக்குக்குப் போகும் ஹெலிகாப்டர் கடலில் விழுந்தால் தப்பிப்பதற்காக, அதைப் போன்ற ஒரு கூண்டுக்குள் பெல்ட் போட்டு உட்காரவைத்து நீச்சல் குளத்தில் இறக்கித் தலைகீழாகப் புரட்டுவார்கள். மூக்கில் தண்ணீர் ஏறும். மேலும் கீழும் தெரியாது. ஒரு கையால் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கூண்டின் சுழற்சி நின்ற பிறகே பெல்ட்டைக் கழற்ற வேண்டும். இந்தப் பயிற்சி போசியட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஹ்யூயட் என்று தனியாக இன்னொரு கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். சான்றிதழ் நான்கு ஆண்டு செல்லும். வேலை உறுதியாவதற்கு முன்பே எடுத்து வைத்தால் அந்தக் காலம் வீட்டிலேயே கரைந்துபோகும். பயிற்சி மையம், இந்தப் பயிற்சிக்குத் தரம் வகுக்கும் ஓபிடோ அமைப்பின் அங்கீகாரம் பெற்றதா என்பதை ஓபிடோ இணையதளத்தில் பாருங்கள். கிணற்று அழுத்தக் கட்டுப்பாட்டுக்கான ஐ.டபிள்யூ.சி.எஃப். சான்றிதழ், துளையிடும் இயந்திரத்தை இயக்கும் டிரில்லர், உதவி டிரில்லர் போன்றவர்களுக்கு வேண்டியது. புதிதாகப் போகிறவர் ரவுஸ்டபௌட்டாகத்தான் தொடங்குவார்: சரக்குக் கப்பலிலிருந்து கிரேன் தூக்கித் தரும் பாரத்தைக் கொக்கி மாட்டி இறக்குவது, துரு சுரண்டிப் பெயின்ட் அடிப்பது, துளையிடப் பயன்படும் சேற்றுக் கலவைத் தொட்டியைக் கழுவுவது. பட்டம் படித்தவன் இதைச் செய்வதா என்று கூச வேண்டாம். ஆனால் அந்த வேலைக்கு டிரில்லர் சான்றிதழை விற்கிறவரிடம் பணம் கொடுக்கவும் வேண்டாம்.

சம்பளத்தை முப்பதால் பெருக்குவது பலரும் செய்யும் பிழை. நாளுக்கு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உடனே ஒன்றரை லட்சம் மாதச் சம்பளம் என்று வீட்டில் பேச்சு கிளம்பிவிடும். 28 நாள் வேலை, 28 நாள் ஓய்வு என்ற முறையில், ஏறியிருக்கும் நாளுக்கு மட்டும் கூலி என்றால், இரண்டு மாதத்துக்குக் கிடைப்பது 1,40,000; மாதத்துக்கு 70,000. ஓய்வு நாளுக்குச் சம்பளம் உண்டா, கப்பலோ ஹெலிகாப்டரோ தாமதமானால் காத்திருக்கும் நாளுக்கு யார் பணம் தருவார்கள் என்பதை ஒப்பந்தத்தில் தேடுங்கள்.

வேலை நிலைத்திருக்கும் என்று நம்பி வீட்டுக்கு அஸ்திவாரம் போடுவதும் ஆபத்து. 2014இன் நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய் 2016 தொடக்கத்தில் 30 டாலருக்குக் கீழே போனது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் முன்பேர விலை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கியது. 2024இல் சவுதி அரசின் எண்ணெய் நிறுவனமான அராம்கோ, கடலடியில் கால் ஊன்றி நிற்கும் ஜாக்கப் ரிக்குகளில் இருபதுக்கும் மேற்பட்டவற்றின் ஒப்பந்தங்களை நிறுத்திவைத்தது. இப்படி நேரும்போது ஒப்பந்தத் தொழிலாளிதான் முதலில் வீடு திரும்புகிறார். ஆறு தவணைக்கான பணம் எப்போதும் கையில் இருக்கட்டும். வேலை போனால் ஒளியாமல் வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வேலையில்லாத காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்க வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் இடம் உண்டு. 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் அது வாராக்கடன். கூட்டாகக் கையெழுத்துப் போட்ட அப்பாவின் சிபில் கடன் மதிப்பெண்ணிலும் கறை விழும்.

பலர் கவனிக்காத ஒன்று வருமான வரி. வெளிநாட்டு வேலைக்குப் போகிற இந்தியர் ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் இங்கே வசிப்பவராகவே கருதப்படுவார். 28க்கு 28 என்ற சுழற்சியில் ஆண்டில் பாதி நாள் வீட்டில்தான். இரண்டு நாள் கூடினாலும் கல்ஃப் சம்பளம் முழுவதும் இந்திய வரிக் கணக்குக்குள் வந்துவிடும். வந்த நாளையும் போன நாளையும் பாஸ்போர்ட் முத்திரையைப் பார்த்து எழுதி வையுங்கள். மும்பைக்கு அப்பால் கடலில் உள்ள எண்ணெய் வயலான மும்பை ஹையில் வேலை என்றால் இந்தக் கேள்வியே எழாது. அது இந்திய வருமானம்தான்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், பாதி நாள் இரவு வேலை. முதுகுவலியையும் ரத்த அழுத்தத்தையும் மருத்துவப் பரிசோதனையில் மறைத்துவிட்டு ஏறாதீர்கள். ஆபத்து எவ்வளவு சிறிய இடத்திலிருந்து வரும் என்பதற்கு மும்பை ஹை நார்த் மேடையில் நடந்த விபத்தே போதும். 2005 ஜூலை 27 அன்று துணைக் கப்பலின் சமையல்காரர் விரலில் வெட்டுக்காயம். சிகிச்சைக்காக அவரை மேடைக்கு ஏற்ற நெருங்கி வந்த கப்பல், கொந்தளிப்பில் எரிவாயுக் குழாயில் மோதியது. மேடையே எரிந்து 22 பேர் இறந்தார்கள். பாதுகாப்பில்லை என்று தோன்றினால் வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமையைப் பல ரிக்குகளில் கடைசித் தொழிலாளிக்கும் கொடுத்திருக்கிறார்கள். கடன் இருக்கிறதே என்று பயந்து வாயை மூடிக்கொள்ளாதீர்கள். கடன் தொகைக்குக் குறையாமல் ஆயுள் காப்பீடும் எடுங்கள். தொழில் என்ற கட்டத்தில் 'ஆஃப்ஷோர் ரிக்' என்றே எழுதுங்கள். பிரீமியம் கூடுமே என்று மறைத்தால் அப்பாவின் தலையில் கடன் மட்டும் மிஞ்சும்.

பணம் கைக்கு வந்ததும் பைக், கார், ஊர் பார்க்க ஒரு விசேஷம் என்று ஓய்வு நாட்களில் கரைகிறது. மேலே சொன்ன 8 லட்சத்துக்கு மாதம் 25,000 கட்டினால் கடன் 38 மாதத்துக்குள் முடியும். பத்தாண்டில் 4.69 லட்சம் போகும் வட்டி 1.34 லட்சமாகக் குறையும். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்கத் தனிநபரிடம் அபராதம் வாங்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. கூடுதல் பணம் அசலில் வரவு வைக்கப்பட்டதா என்று மட்டும் கேட்டு உறுதி செய்யுங்கள்.

கடைசித் தவணை கட்டியதும் கடன் முடிந்ததற்கான கடிதம் வாங்குங்கள். நிலப் பத்திரம் அடமானத்தில் இருந்தால் 30 நாளுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். அவர்களால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். நீங்கள் கடலில் இருக்கும் நாளில் அது வந்தால் யார் வாங்குவது என்பதையும் முன்பே வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.