வயிற்று வலி என்று பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளை: பெற்றோர் செய்ய வேண்டியவை

காலை ஆறரைக்கு வயிற்று வலி. எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) எடுத்து வீட்டில் விட்டால் ஒன்பது மணிக்கு வலி பறந்துவிடும். பள்ளி விடுமுறையில் வருவதே இல்லை. உடனே "நடிக்கிறான்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பதற்றம் உண்மையாகவே வயிற்றை வலிக்க வைக்கும். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். உடலில் கோளாறு இல்லையென்றால் பள்ளியிடம் பேசுங்கள்.

அதற்குமுன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளுக்கு ஒரு வரி போதும்: "செவ்வாய், 6.20. காலுறை போடும்போது அழுகை, 25 நிமிடம். இன்று தமிழ் வாய்மொழிப் பயிற்சி." எத்தனை மணிக்குத் தூங்கினான், அன்று என்ன பாடம், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதையும் சேருங்கள். "எப்பவும் அடம்" என்று சொன்னால் பள்ளி ஆலோசகருக்குப் பிடி கிடைக்காது. இரண்டு செவ்வாய்க்கிழமையிலும் அழுகை என்றால் எங்கே தேடுவது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

சிங்கப்பூரில் கல்வி அமைச்சின் பள்ளிகளில் ஆலோசகர் உண்டு. வகுப்பாசிரியருக்கு எழுதி, ஆலோசகரையும் சேர்த்துச் சந்திக்கக் கேளுங்கள். உடற்கல்விப் பாடத்தில் பிள்ளையை அழைக்க வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிடுங்கள். பிடித்த நேரத்தைப் பறித்தால் ஆலோசகர் அறை தண்டனை அறையாகிவிடும். பிள்ளை அங்கே சொன்னதை வீட்டில் துருவிக் கேட்காதீர்கள். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் ஆலோசகரே உங்களிடம் சொல்வார்.

பள்ளியால் மட்டும் முடியாதபோது, மாணவர்களின் மனநலத்துக்கு உதவும் 'ரீச்' (REACH) குழு இருக்கிறது. மனநலக் கழகத்தின் தலைமையில் 2007ல் தொடங்கிய திட்டம் இது. பள்ளி ஆலோசகர் வழியாக நாட வேண்டும். மனநலக் கழகம் என்ற பெயரைக் கேட்டதும் ஒப்புதல் தரத் தயங்கும் பெற்றோர் பலர். தயவுசெய்து அந்தத் தயக்கத்தில் மாதங்களை விடாதீர்கள். பிள்ளை வீட்டில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் திரும்பிப் போவதைக் கடினமாக்குகிறது.

ஏன் கடினமாகிறது? வீட்டில் தங்கியதும் பயம் தணிகிறது. தப்பித்தால் நிம்மதி என்று மனம் கற்றுக்கொள்கிறது. அதனால் படிப்படியாகத் திரும்ப வைக்க வேண்டும்: முதலில் பிடித்த இரண்டு பாடங்கள் மட்டும், பிறகு இடைவேளை வரை, பிறகு முழு நாள். ஒரு படி சில நாள் நிலைத்த பிறகே அடுத்தது. வீட்டில் இருக்கும் பள்ளி நேரத்தில் ஐபேட், டிவி கிடையாது. இங்கேதான் திட்டம் பெரும்பாலும் உடைகிறது: அம்மா உறுதியாக இருப்பார், பாட்டி "பாவம், இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டுமே" என்பார். பாட்டியையும் தாத்தாவையும் உட்கார வைத்து முன்கூட்டியே விளக்குங்கள். வீட்டுச் சண்டையோ பணக் கஷ்டமோ பிள்ளையை அழுத்தினால் குடும்பச் சேவை நிலையத்தையோ, இந்தியச் சமூகத்துக்கு உதவும் சிண்டா அமைப்பையோ அணுகுங்கள்.

"சாகணும்" என்ற பேச்சோ, கையில் கீறலோ தெரிந்தால் நோட்டுக்கெல்லாம் காத்திருக்காதீர்கள். பிள்ளையைத் தனியே விடாமல் எஸ்ஓஎஸ் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767ஐ அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 995.

நவம்பரில் பள்ளி மூடுமுன் ஆலோசகரிடம் ஒரு சந்திப்பு கேளுங்கள். ஜனவரியில் வகுப்பாசிரியர் மாறக்கூடும். எது உதவியது, எது உதவவில்லை என்று ஒரு பக்கத்தில் எழுதி, முதல் வாரத்திலேயே புதியவர் கையில் கொடுத்துவிடுங்கள்.