ஜியோலைட் படிகத்தின் வடிவம் பிடிபடாமல் போவது எங்கே?

எடை பார்ப்பதில் கைநழுவுவது, குப்பியில் பெயர் எழுத மறப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. சில வாரங்களில் அவை தானாகச் சரியாகிவிடும். ஜியோலைட், அதாவது மூலக்கூறு அளவுத் துளைகள் நிறைந்த சிலிகா சார்ந்த படிகம், வளர்க்க நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்த சில தவறுகளைப் புதியவர்கள் இன்றும் அப்படியே செய்கிறார்கள். அவற்றைப் பற்றித்தான் இது.

இசட்.எஸ்.எம்-5 என்ற ஜியோலைட், அதே அமைப்பில் அலுமினியம் இல்லாத சிலிகலைட்-1 இரண்டையும் வைத்துச் சொல்கிறேன். ஏ, பி, சி என்பவை படிகத்தின் மூன்று அச்சுகள். இவற்றில் நேரான துளைகள் பி அச்சில் ஓடுகின்றன, வளைந்து நெளியும் துளைகள் ஏ அச்சில். பி திசையில் படிகம் மெலிந்தால் மூலக்கூறு உள்ளே போய் வெளியே வரும் தூரம் குறையும். தென்கொரியாவின் ரியோங் ரியூ குழு 2009இல் 2 நானோமீட்டர் தடிமனுள்ள தகடுகளைச் செய்து காட்டியது. கரி படிந்து செயலிழக்க அந்த வினையூக்கிகளுக்கு வழக்கத்தைவிட மிக நீண்ட காலம் பிடித்தது. வடிவத்துக்காக மெனக்கெடுவது இதனால்தான்.

லைனரைத் தண்ணீரில் கழுவி மறுபடி பயன்படுத்துவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. லைனர் என்பது ஆட்டோகிளேவ் என்ற அழுத்தக் கலத்துக்குள் வைக்கும் டெஃப்ளான் குடுவை. அதை பிரஷ்ஷால் தேய்த்து, அசிட்டோனில் அலசி, உலர்த்தி, படிகம் வளரவேண்டிய அடுத்த ஜெல்லை ஊற்றிவிடுகிறார்கள். டெஃப்ளானும் வெள்ளை, படிகமும் வெள்ளை, கண்ணுக்கு எதுவும் தெரியாது. காய்ந்த லைனருக்குள் விரலை விட்டு, சுவரும் தளமும் சேரும் வளைவைத் தடவிப் பாருங்கள். பல லைனர்களில் மெல்லிய சொரசொரப்பு தட்டுப்படும். ஸ்பேட்டுலா கீறிய தடங்களிலும் அதே கதைதான். அது முந்தைய படிகம்.

பாத்திரத்தில் ஒட்டிய ஒரு துளி மோர் பாலை உறைய வைத்துவிடுவதுபோல, இந்த மிச்சம் ஜெல்லுக்கு விதையாகிவிடுகிறது. கணக்கு எளிது. ஜெல்லில் இருக்கும் சிலிகா மாறாத அளவு. வளரும் கருக்கள் ஆயிரம் மடங்கானால் ஒவ்வொரு படிகத்தின் கனஅளவும் ஆயிரத்தில் ஒரு பங்காகும், பக்க நீளம் பத்தில் ஒரு பங்காகும். சவப்பெட்டி வடிவில் முகங்கள் தெளிவாகத் தெரியவேண்டிய படிகம் மைக்ரானுக்கும் சிறிய உருண்டையாக நிற்கும்.

ஒரு மாணவி யூரியா சேர்த்து மெல்லிய தட்டுகளை வளர்க்க முயன்றார். ஒரு லைனரில் அழகான தட்டுகள் வந்தன. அதே செய்முறைக்கு இன்னொன்றில் உருண்டைகள். யூரியாவை ஏற்றியும் இறக்கியும் மாதக்கணக்கில் போராடி ஒரு வரைபடமும் போட்டுவிட்டார். உருண்டை வந்த லைனர்கள் எல்லாவற்றிலும் அதற்கு முன் நானோ சிலிகலைட் செய்திருந்தார்கள் என்பது குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. அந்த வரைபடம் முழுவதையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. யூரியா உண்மையில் என்ன செய்தது என்பதை முதலிலிருந்து பார்க்கவேண்டி வந்தது.

லைனரில் அடர்த்தியான சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை நிரப்பி, ஆட்டோகிளேவில் மூடி, படிகம் வளர்த்த அதே வெப்பநிலையில் ஓர் இரவு வையுங்கள். ஆறிய பிறகு, கழுவும் நீர் நடுநிலைக்கு வரும்வரை அலசுங்கள். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமும் கரைக்கும்தான். ஆனால் அதன் ஆபத்துக்கு முறையான பயிற்சியும் கால்சியம் குளூக்கோனேட் களிம்பும் இல்லாத இடத்தில் அதைத் தொடவே கூடாது. ஒவ்வொரு லைனருக்கும் எண் பொறித்து, எந்த எண்ணில் எது வளர்ந்தது என்று எழுதி வையுங்கள். ஆழமாகக் கீறல் விழுந்ததை ஒதுக்கிவிடுங்கள். வடிவத்தைப் பற்றி ஏதாவது சொல்வதற்கு முன் ஒரு புதிய லைனரிலும் அதைச் செய்து பாருங்கள்.

ஒன்றை மாற்றுவதாக நினைத்து மூன்றை மாற்றுவது

அலுமினியம் சல்ஃபேட்டுக்குப் பதில் சோடியம் அலுமினேட் போட்டால் மாறுவது அலுமினிய மூலம் மட்டுமில்லை. கூடவே சோடியம் வருகிறது, காரம் ஏறுகிறது, சல்ஃபேட் போகிறது. அப்புறம் வடிவம் மாறியது எதனால் என்று யார் சொல்வது? காரத்தையும் சோடியத்தையும் முதலில் சமன்செய்யுங்கள். துளைகள் உருவாக ஜெல்லில் சேர்க்கும் கரிமப் பொருளான டெம்ப்ளேட்டை ஹைட்ராக்சைடிலிருந்து புரோமைடுக்கு மாற்றும்போதும் இதே கவனம் வேண்டும்.

எக்ஸ்.ஆர்.டி.யில் (எக்ஸ்-கதிர் விளிம்புவிளைவு வரைபடத்தில்) உச்சி உயர்ந்தால் படிகத்தன்மை கூடிவிட்டது என்பது

தட்டையான படிகங்கள் மாதிரித் தட்டில் படுத்துக்கொள்ளும். அப்போது பி அச்சு சார்ந்த உச்சிகள் ஓங்கும், மற்றவை ஒடுங்கும். படிகத்தன்மையைக் கணக்கிடும் முன் எஸ்.இ.எம். (மின்னணு நுண்ணோக்கி) படத்தைப் பாருங்கள்.

தட்டையான முகம் எல்லாம் பி முகம் என்று நம்புவது

இந்த அமைப்பில் திரும்பத் திரும்ப வரும் அலகின் ஏ நீளம் சுமார் 20.1 ஆங்ஸ்ட்ராம், பி சுமார் 19.9. இவ்வளவு நெருக்கம் என்பதால் ஒரு துண்டு 90 பாகை திரும்பி இன்னொன்றின்மேல் எளிதாக வளர்ந்துவிடும். வெளியே ஒரே படிகமாகத் தெரிவது உள்ளே பல துண்டுகளின் கூட்டாக இருக்கலாம். நேர்த்துளை திறந்திருப்பதாக நீங்கள் நினைக்கும் முகத்தில் நெளிந்த துளைகள் இருக்கலாம். துளைவழிப் பரவலை அளக்கப்போகிறவர்கள் இதைச் சோதிக்காமல் நகரக்கூடாது.

சுழலும் அடுப்பும் நிலையான அடுப்பும் ஒன்றுதான் என்பது

ஒன்றல்ல.

டெம்ப்ளேட்டை அவசரமாக எரிப்பது

550 பாகை செல்சியஸ் சரி. அங்கே போகும் வேகம் நிமிடத்துக்கு 1 பாகையாக இருக்கட்டும். பெரிய படிகங்கள் வேகமாகச் சூடேறினால் விரிசல் விடும், அந்த விரிசலை வளர்ச்சியில் வந்த குறை என்று எழுதிவிடுவார்கள். எரிப்பதற்கு முன்பும் ஒரு எஸ்.இ.எம். படம் எடுத்து வையுங்கள்.