கார் ஃபிரிட்ஜ் வாங்கப் போகிறீர்களா? லிட்டரை விடுங்கள், ஆம்பியரைப் பாருங்கள்

காரிலேயே தங்கி ஊர் சுற்ற ஆரம்பித்த புதிதில், 40 லிட்டர் ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கி நேராக வண்டி பேட்டரியில் மாட்டினேன். ராமநாதபுரம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் இரண்டு இரவு. மூன்றாம் நாள் காலை சாவியைத் திருப்பினால் ‘டக் டக்’ சத்தம் மட்டும்தான். தோசை மாவு ஜில்லென்று இருந்தது, வண்டிதான் செத்துக் கிடந்தது. தோப்புக்காரர் டிராக்டர் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துதான் கிளப்பினோம்.

முதல் படி: வகை

குறைந்த விலையில் வருபவை பெரும்பாலும் ‘தெர்மோ எலக்ட்ரிக்’ பெட்டிகள். வெளியே இருக்கும் சூட்டைவிட 15, 20 டிகிரிதான் இவை குறைக்கும். திருச்சியில் மே மாதம் 40 டிகிரி என்றால் உள்ளே 20க்கு மேல். பால் திரிந்துவிடும். நம் வெயிலுக்குக் கம்ப்ரஸர் உள்ளதுதான் சரி.

இரண்டாம் படி: மின்சாரக் கணக்கு

இதை முடிக்காமல் கடைக்குப் போகாதீர்கள். கம்ப்ரஸர் ஓடும்போது 45 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். விட்டு விட்டுத்தான் ஓடும். வெயில் காலத்தில் நூற்றுக்கு 40 பங்கு நேரம் ஓடினால், நாளுக்கு 45 × 24 × 0.4 = 432 வாட்-மணி. 12 வோல்ட்டால் வகுத்தால் 36 ஆம்பியர்-மணி. பேட்டரியின் கொள்ளளவை இந்த அளவில்தான் சொல்வார்கள்.

வண்டியில் இருப்பது 60 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி என்றால் பாதிக்குமேல் இறக்கக் கூடாது. ஆக, கைக்கு வருவது 30. ஓர் இரவு தாங்கும், இரண்டு நாள் தாங்காது. என் கதை புரிந்திருக்கும்.

தினமும் வண்டி ஓட்டுபவருக்கு இதுவே போதும். ஒரே இடத்தில் கூடாரம் போடுபவர் தனி லித்தியம் பேட்டரி வைக்க வேண்டும். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் ஃபெரோ பாஸ்பேட் பேட்டரி இரண்டரை நாள் இழுக்கும். விலையைக் கேட்டால் தலை சுற்றும். பட்ஜெட்டில் ஃபிரிட்ஜோடு சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: கட்-ஆஃப்

பேட்டரி இறங்கினால் தானே அணையும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமாக எச் (சீக்கிரமே அணையும்), எம் (நடுவில்), எல் (பேட்டரி நன்றாக இறங்கிய பிறகே அணையும்) என்று மூன்று நிலை இருக்கும். வண்டி பேட்டரிக்கு எச், தனி பேட்டரிக்கு எல். நான் வண்டி பேட்டரியில் மாட்டிவிட்டு எல்-லில் வைத்திருந்தேன், அதுவும் தப்பு.

நான்காம் படி: ஒயர்

சிகரெட் லைட்டர் சாக்கெட் பல வண்டிகளில் சாவியை எடுத்தவுடன் அணைந்துவிடும். மெல்லிய நீள ஒயரில் வோல்ட்டேஜ் இறங்கி, பேட்டரி நன்றாக இருந்தும் ஃபிரிட்ஜ் நின்றுபோகும். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: அளவு

இரண்டு பேருக்கு மூன்று நாளைக்கு 35, 40 லிட்டர் தாராளம். டேப் வைத்து டிக்கியை அளக்கும்போது, மூடி திறக்கும் உயரத்தையும் காற்றுத் துளைப் பக்கம் விட வேண்டிய இடத்தையும் சேருங்கள். கட்ட வளையம் வேண்டும், மலைப்பாதையில் உருளும்.

கிளம்பும் முந்தின இரவே வீட்டுக் கரண்டில் குளிரவிட்டு, ஏற்கெனவே குளிர்ந்த பொருளை அடுக்குங்கள். அப்புறம், இன்சுலின் கொண்டுபோனால் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறைந்தால் வீண். இந்தப் பெட்டிகளில் குளிர் அடியில் தேங்கும். அம்மாவின் இன்சுலினை டப்பாவில் போட்டு, சுவரில் படாமல், மாவுத் தூக்குக்கு மேல் வைத்துவிடுவேன்.